குதிரை உள்ளே இருக்கும்போது

கட்டை விழுந்ததும் கேலரியே எழுந்து கைதட்டியது.

சென்ற ஞாயிறு, நகரின் தெற்கே நடந்த குதிரையேற்றப் போட்டியில். வண்ணம் பூசிய கட்டைகளை, ஒன்றையும் உதிர்க்காமல் குதிரை தாண்ட வேண்டும். உதிர்த்தால் குற்றப் புள்ளி. நம்மவர்களுக்கோ ஸ்டம்ப் பறந்தால் ஆரவாரம் செய்து பழக்கம். குதிரைமேல் இருந்த இளைஞரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே...

பிழை பார்வையாளர்களுடையதா? காலை முழுவதும் மைக் பிடித்தவர், ஒவ்வொரு குதிரையின் குலப் பெருமையையும் நல்ல ஆங்கிலத்தில் விவரித்தார். எது வெற்றி, எது தவறு என்பதை மட்டும் சொல்லவில்லை.

என் பக்கத்தில் மனைவியோடு அமர்ந்திருந்த ஆட்டோ ஓட்டுநர் பொறுமை இழந்தார்.

"இன்னா சார் இது? ஒத்தக் குதிரை ஓடிக்கினு கீது... யார்கூட ரேஸு?"

"கம்முனு பாருய்யா. ஊரையெல்லாம் கேட்டுக்கினு!" என்றார் மனைவி.

"தெரிஞ்சா நான் ஏன்டி கேக்கறேன்?"

மதியத்துக்கு மேல் தமிழ் வர்ணனை. வர்ணனையாளர், என் மகள் நிர்மலா. நான் அங்கே போனதற்குக் குதிரைகள் காரணமல்ல.

இந்த ஆண்டு என் மனைவி காலமானதை வாசகர்கள் பலர் அறிவீர்கள். மயிலாப்பூரில் எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் விவிலிய வாசகம் வாசித்து வந்தவள் நிர்மலா. அம்மாவின் அடக்கத் திருப்பலியிலும் வாசிக்க ஏறினாள். பாதியில் குரல் நின்றுபோய் இறங்கிவிட்டாள். அதன்பின் மைக் முன்னால் அவள் நிற்கவில்லை.

கல்லூரி நாட்களில் குதிரையேற்றம் பயின்றவள் என்பதால் போட்டி அமைப்புக் குழு வர்ணனைக்கு அவளை அழைத்தது. "பாதியில நின்னுட்டா என்னப்பா பண்றது?" என்று கேட்டாள். உடன் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

"வணக்கம். கட்டை விழுந்தா நாலு குத்தப் புள்ளி. இங்க நிறைய மார்க் வாங்கினா ஃபெயில்! இன்னொண்ணு... குதிரை உள்ள இருக்கறப்ப நம்ம கை மடியில இருக்கட்டும். சத்தம் கேட்டா அது மிரளும். முடிஞ்சதும் நானே சொல்றேன், அப்ப கூரை பறக்கணும்!"

"அப்டி சொல்லு!" என்றார் ஆட்டோக்காரர்.

சிறிது நேரத்தில் கேலரியே நடுவர் குழுவாகிவிட்டது. குளம்பு கட்டையில் உரசினால் அத்தனை பேரும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். ஒரு விளையாட்டைப் புரியவைக்க வேண்டியதெல்லாம் நாலு வாக்கியங்கள்தானா!

கடைசியாக ஓர் இளம்பெண், சாம்பல் நிறக் குதிரையில். நடுவில் ஒரு தடையின் முன் குதிரை சட்டென்று நின்றுவிட்டது.

"மறுத்துடுச்சு. இன்னொரு தடவை மறுத்தா வெளியேறணும்," என்றாள் நிர்மலா.

அதன்பின் ஒலிபெருக்கி மௌனமாகிவிட்டது.

அந்தப் பெண் குதிரையின் கழுத்தைத் தடவி, மெல்ல வட்டமடிக்க வைத்தாள். மைக்கில் ஓசையே இல்லை. நான் குதிரையைப் பார்க்கவில்லை. வர்ணனையாளர் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் குரல் நின்றுவிட்டதா? எழுந்து ஓட வேண்டுமா? கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன்.

குதிரை வேகமெடுத்தது. தாண்டியது. அடுத்ததையும்... அதற்கடுத்ததையும். கேலரியில் ஒரு கைகூட எழவில்லை. கல்யாண மண்டபமோ கட்சி மேடையோ, மைக் கிடைத்தவர் விடாத நம் ஊரில், என் மகள் ஒரு கேலரியையே தன்னோடு சேர்த்து மௌனமாக வைத்திருந்தாள்.

கடைசித் தடையையும் கடந்தது.

"இப்ப தட்டுங்க!" என்றாள். தெளிவான, சிறிதும் நடுங்காத குரல்.

கூரை பறந்தது.

"யார் சார் அந்தப் பொண்ணு? சூப்பரா பேசுது!" என்றார் ஆட்டோக்காரர்.

"என் மகள்," என்றேன். தேவையைவிடச் சற்று உரக்கவே.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பேசினதெல்லாம் ஓகே சார். கம்முனு இருந்துச்சே, அப்பதான் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு."

"எனக்கும்," என்றேன்.