பூபுசாராவின் மருந்து

பூபுசாராவுக்குக் காலையில் கண் விழிக்கும்போதே நெஞ்சில் ஒரு கனம் இருக்கும். வலி என்று சொல்ல முடியாது, காய்ச்சலும் இல்லை. எழுந்து என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு சலிப்பு. புருஷன் போனதிலிருந்து ஆறு வருஷமாக இதே கதைதான்.

அவர் போனபோது அவள் அட்பாஷி ஊர்ப் பண்ணையில் பால் கறப்பவர்களுக்குத் தலைவியாக இருந்தாள். மாட்டு மடியில் கை வைத்திருந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "வீட்டுக்காரருக்கு லேசா தலைவலியாம். உன்னைப் பாக்கணும்கிறாரு, வந்துட்டுப் போயேன்" என்றார். அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு சாவகாசமாகப் போனாள். வாசலில் இழவுக் கூடாரம் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை அப்படித்தான் சொல்வது. செத்துப் போய்விட்டார் என்று முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள், போனில் சொல்லவே மாட்டார்கள். உடம்பு முடியலை, பாக்கணும்கிறாங்க என்று சொல்லி ஆளை வரவழைத்துவிடுவார்கள்.

இந்தக் கனத்துக்கு வைத்தியம் தேடாமலும் இல்லை அவள். பக்கத்து வீட்டில் ஓட்கா குடித்துப் பார்த்தாள். அன்றைக்கு சிரித்தாள், மறுநாள் கனம் இரண்டு மடங்காக வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஆனார்குல், "தினம் காலையில ஆத்தங்கரை வரைக்கும் நடங்கக்கா. நாலு பேரோட உக்காந்து கம்பளி அடிங்க, பேசுங்க. தன்னால இறங்கும்" என்றாள். நர்ஸ் சொன்னதில் தப்பே இல்லை. ஒன்பது நாள் நடந்தாள், ஒன்பது நாளும் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. ஆனால் ஆற்றங்கரைக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். மருமகளை அழ வைக்க அரை நிமிடம் போதும்.

அதை அவள் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். சைக்கால் கல்யாணமாகி வந்த புதிது. எங்கள் வீடுகளில் தேநீரை அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். கிண்ணம் நிரம்ப ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். அந்தப் பெண் ஒருநாள் பதற்றத்தில் ஒரு விரல்கடை கூட ஊற்றிவிட்டாள்.

"என்னடி, என் வீட்டுலேர்ந்தே என்னைக் கெளம்பச் சொல்றியா?"

"ஐயோ இல்லத்தே, கை தவறி..."

"உங்கம்மா இதத்தான் சொல்லிக் குடுத்தாளா?"

சைக்காலின் கண் நிறைந்தது. அம்மா என்ற சொல் வந்தாலே அவளுக்கு நிறைந்துவிடும். பூபுசாரா கிண்ணத்தை வாயில் வைத்தாள். நெஞ்சு லேசாக இருந்தது. சண்டாளி, அப்போதே பயந்திருக்க வேண்டும். அவளோ இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மருந்து என்றால் அளவு கூட்டிக்கொண்டே போக வேண்டுமே. சீக்கிரமே அதைவிடப் பெரிதாக ஒன்று அகப்பட்டது. கல்யாணமான பெண் முதல்தடவை தாய்வீடு போவதென்றால், மாமியார் பலகாரமும் வெள்ளைத் துணியும் வைத்துக் கையோடு அழைத்துப் போய் விடவேண்டும். அதற்கு முன் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. சைக்காலின் வீடு கணவாய்க்கு அப்பால் ஜும்காலில் இருந்தது, காரில் அரை நாள். கனம் தாங்காத வாரங்களில் பூபுசாரா, "வெள்ளிக்கிழமை உங்கம்மாவப் பாக்கப் போலாம்" என்பாள். பெண் மூன்று நாள் பறந்து பறந்து வேலை செய்வாள். வியாழக்கிழமை சாயங்காலம், "இந்த வாரம் முடியாது. முட்டி வலிக்குது" என்பாள். அப்போது அந்த முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. இப்படியே மூன்று வருஷம் ஓடியது. மகன் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். போன் பேசினால் பால் பொங்கி வழிகிறது என்று மருமகளின் போனைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டியாகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கனம் சொல்லி மாளாது. சைக்கால் வழக்கம்போலக் கைகட்டிக் குனிந்து காலை வணக்கம் வைத்தாள். நல்லா இரு என்று சொல்லக்கூடப் பூபுசாராவுக்கு வாய் வரவில்லை. சைக்கால் மாட்டுக் கொட்டகைக்குப் போன நேரம் மாமியாரின் போன் அடித்தது. சைக்காலின் அண்ணன் எசென்.

"அத்தை, அம்மாவுக்கு ரொம்ப முடியல. சைக்காலப் பாக்கணும்கிறாங்க. இன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஓகோ, செத்துவிட்டாள் என்று பூபுசாரா முடிவு கட்டினாள். தன்னிடமும் இப்படித்தானே சொன்னார்கள்? செத்தவளுக்கு என்ன அவசரம்? பிணத்தை இரண்டு மூன்று நாள் கூடாரத்தில் கிடத்தித்தான் எடுப்பார்கள். நாளைக்குப் போனாலும் கிடைக்கும். இப்படி ஒரு பெரிய சங்கதி அவள் கைக்கு இதுவரை வந்ததில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி அவர்களையும் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை. அவளுக்குப் பங்கு போட மனமில்லை.

சைக்கால் பால் வாளியோடு வந்தாள். "அடியே, நாளைக்கு உங்கம்மா வீட்டுக்குப் போறோம்" என்றாள் பூபுசாரா.

"கெளம்புற நேரம் வந்தா முட்டி வலிக்குமேத்தே" என்று சொல்லிவிட்டு சைக்கால் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்காது. கார் சொல்லியாச்சு. மாவப் பிசை."

அன்று பகல் முழுக்க அந்தப் பெண் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று பலகாரம் பொரித்தாள். பாட்டுக்கூடப் பாடினாள். அம்மாவுக்கென்று ஓரம் தைத்து மூன்று வருஷமாக வைத்திருந்த வெள்ளைத் தலைத்துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இது எங்கம்மாவுக்கு எடுப்பா இருக்குமாத்தே?"

"இருக்கும், இருக்கும். நாளைக்கே கட்டிவிட்டுப் பாரு."

சொல்லிவிட்டு பூபுசாரா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். ஆறு வருஷத்தில் அவள் இவ்வளவு சுகமாக ஒரு பொழுதைக் கழித்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். காரோட்டி துர்தாலி, அதே தெருக்காரன். போன குளிர்காலத்தில் பொண்டாட்டி அவனை விட்டுப் போய்விட்டாள். கணவாய் நெடுக சைக்கால் பேசிக்கொண்டே வந்தாள். அம்மா நூடுல்ஸ் மாவை எப்படி இழைப்பாள், எசெனை எப்படி அடிப்பாள். பூபுசாரா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஜும்காலில் அந்தத் தெரு திரும்பியதும், சாவு வீட்டு வழக்கப்படி தூரத்திலேயே குரல் எடுத்து அழ வேண்டும். முற்றம் கண்ணில் படுவதற்கு முன்பே பூபுசாரா கார்க் கண்ணாடியை இறக்கி, நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். "ஐயோ என் சம்பந்தியே! மகள் முகம் பாக்காமப் போயிட்டியே!"

சைக்காலின் மடியிலிருந்து பலகார மூட்டை உருண்டது. "அத்தே? யாருக்கு? அத்தே!" பூபுசாரா திரும்பி அந்த முகத்தைத்தான் பார்த்தாள். ஒருநாள் முழுக்கக் காத்திருந்தது அதற்குத்தானே.

கார் வாசலில் நின்றது. முற்றத்தில் கூடாரம் இல்லை. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. எசென் உள்ளேயிருந்து ஓடி வந்தான்.

"நிறுத்துங்க! வாய மூடுங்க! அம்மா உசுரோட இருக்காங்க. உள்ள எல்லாம் கேக்குது!"

சைக்கால் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மா கண் திறந்திருந்தது, காதும் கேட்டது. தன் சாவுக்கு வாசலில் ஒருத்தி பாடிய ஒப்பாரி முழுசும் அவளுக்குக் கேட்டிருந்தது. கண்ணீர் காதுப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் அசையவில்லை.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் பேசினாங்கம்மா. உன் பேரைத்தான் சொல்லிட்டே இருந்தாங்க. பொழுது சாய வாய் நின்னு போச்சு. நான் நேத்துக் காலையிலேயே இவங்களுக்குப் போன் பண்ணினேனே?" என்றான் எசென்.

சைக்கால் மெதுவாகத் திரும்பி, வாசற்படியில் நின்ற மாமியாரைப் பார்த்தாள்.

"எங்கம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சுகிட்டா நேத்து என்னைப் பலகாரம் சுட வச்சீங்க?"

அந்த நேரத்திலும் பூபுசாராவின் கண் சைக்காலின் கண்ணைத்தான் தேடியது. அது வறண்டு கிடந்தது. சைக்கால் வெள்ளைத் துணியை எடுத்து அம்மாவின் தலையில் கட்டினாள். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணம் தேநீர் கொண்டுவந்தாள். விளிம்புவரை நிரம்பித் தளும்பிய கிண்ணம். கை சுட்டது, அவள் பொருட்படுத்தவில்லை.

"குடிங்கத்தே."

எசெனும் துர்தாலியும் பார்த்துக்கொண்டிருக்க, பூபுசாரா அதைக் கடைசிச் சொட்டுவரை குடிக்க வேண்டியதாயிற்று.

திரும்பும்போது காரின் பின்னிருக்கையில் அவள் மட்டும். கணவாய் ஏறும்போதே கனம் வந்து உட்கார்ந்துவிட்டது, பழைய கனமெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி. பக்கத்து இருக்கையைப் பார்த்தாள், பலகாரத் துணுக்குகள்தான் கிடந்தன. முன்னால் துர்தாலியின் பிடரி தெரிந்தது.

"ஏம்ப்பா துர்தாலி, உன் பொண்டாட்டி எதுக்குப்பா ஓடிப்போனா?"

கண்ணாடியில் அவன் கண் கலங்கியது அவளுக்குத் தெரிந்தது. அட்பாஷி போய்ச் சேரும்வரை அது போதுமானதாக இருந்தது.