அணைக்கத் தெரிந்தவன் வீட்டுப் பொங்கல்

வளைகுடாவில் நான் பார்த்த வேலை தீயை அணைப்பது. புகை வந்தால் ஓட வேண்டும். வராவிட்டால் வந்த மாதிரி வைத்துக்கொண்டு ஓடிப் பழக வேண்டும். ஊர் திரும்பி, புதுக்கோட்டையில் கடைகளுக்குத் தீயணைப்பு சிலிண்டர் மாட்டிக் கொடுக்கும் தொழில் தொடங்கிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் பந்தியில் இடம் தேடினால் நான் சமையல்கட்டில் கேஸ் குழாயைத் தேடுவேன். இப்பேர்ப்பட்ட ஆளிடம் வந்துதான் என் மூத்த மகள், "அப்பா, எனக்கு வெறகடுப்பு பத்தவைக்கக் கத்துக்குடுங்க" என்றாள்.

காரணம் என் அக்கா. குடுமியான்மலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பங்குனியில் அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். கோயில் முன்னால் வெட்டவெளியில் வரிசையாகக் கல் அடுப்பு, வீட்டுக்கு ஒரு பானை. யாரும் தீப்பெட்டி உரசக் கூடாது. கோயில் விளக்கில் பற்றவைத்த பனையோலை வரிசையில் கைமாறி வரும். அதை வாங்கி அடுப்பில் வைத்த பிறகு, பால் பொங்கும்வரை அணையாமல் பார்த்துக்கொள்வது அவரவர் சமர்த்து. இந்த வருடம் எங்கள் வீட்டுப் பானையைத் தானே வைப்பதாக மூத்தவள் சொன்னாள். வயது பதினொன்று. அக்கா சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏத்தா, லைட்டர டிக்குன்னு அமுக்குற கைக்கு வெறகடுப்பு எங்கிட்டு வரும்? சரி, வையி. ஆனா நடுவுல அணைஞ்சா எந்திரிச்சிரணும். மிச்சத்த நான் பாத்துக்கிருவேன். சம்மதமா?"

"சம்மதம் அத்தே" என்றாள் மகள்.

நான் சும்மா இருப்பேனா? "எம்மக வைப்பா, நீ பாத்துக்கிட்டே இரு" என்று சவடால் அடித்துவிட்டேன். வாய் என்னுடையது, வேலை அவளுடையது. ஊரிலிருந்து பஸ்ஸில் புதுக்கோட்டை வீடு வந்து சேரும்வரை என் மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தைல மரத்துக் கொல்லையில் பயிற்சி ஆரம்பம். முதலில் பாதுகாப்பு. நைலான் துணி கூடாது, பருத்திதான். ஜடையைக் கொண்டையாகக் கட்டு. சருகைக் கூட்டித் தள்ளித் தரையைப் பொட்டலாக்கு. இந்தப் பக்கம் மணல் வாளி, அந்தப் பக்கம் தண்ணீர்க் குடம். பிறகு பாடம். "தீக்கு மூணு வேணும். எரியிற பொருள், காத்து, சூடு. இதுல ஒண்ண நிறுத்துனா போதும், தீ படுத்துரும்."

"அப்பா, படுக்க வைக்கிறதுக்கு இல்ல. எந்திரிக்க வைக்கிறதுக்குச் சொல்லிக்குடுங்க."

அங்கேதான் விஷயமே இருக்கிறது. தீ எப்படி எல்லாம் சாகும் என்று எனக்கு அத்துப்படி. எப்படிப் பிறக்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கருவேல விறகைக் கட்டோடு அடுக்கி, அடியில் காகிதத்தைத் திணித்துப் பற்றவைத்தேன். காகிதம் எரிந்தது, விறகு எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தது. மறுபடி காகிதம், மறுபடி புகை. இருமலில் எனக்கு மூக்கும் கண்ணும் ஒழுகின. ஏழு வயதுச் சின்னவள் கொண்டுவந்த முறுக்கை எல்லாம் தின்று முடித்துவிட்டு, "அப்பா, கேஸ்லயே வைப்பமா?" என்று கேட்டாள்.

எரிச்சலில் காய்ந்த தைலப் பட்டையையும் இலையையும் ஒரு கை அள்ளிப் போட்டேன். அடடா! எண்ணெய்ச் சருகு, குப்பென்று ஆள் உயரத்துக்கு எழுந்தது. அடுத்த நொடி என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. மணல் வாளி என் கையில் காலியாக இருந்தது. அடுப்பு இருந்த இடத்தில் ஒரு மணல்மேடு.

"அப்பா! இப்பத்தானே பத்துச்சு!" என்று கத்திய மூத்தவள், என் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். சின்னவள் மண்ணில் விழுந்து புரண்டாள். எனக்கும் சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவளேதான் கற்றுக்கொண்டாள். நான் சொன்ன மூன்றையும் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். "காத்த நிறுத்துனா சாகும்னா, காத்துப் போக வழி விட்டா பொழச்சுக்கும்லப்பா?" என்று விறகைக் கலைத்து, இடைவெளி விட்டுச் சாய்த்து நிறுத்தினாள். தேங்காய் நாரைக் குருவிக் கூடு மாதிரி உருட்டி நடுவில் வைத்தாள். ஊதும்போது அவசரப்படாமல், சூடான காப்பியை ஆற்றுகிற மாதிரி ஊதினாள். நாலைந்து ஞாயிறு போனதும் அவள் அடுப்பு சொன்னபடி கேட்டது. பூரிப்பில் ஊருக்கெல்லாம் போன் போட்டேன், அக்காவுக்கு முதலில்.

சின்னவளுக்கும் தீக்குச்சி வேண்டும் என்று ஒரே அழுகை. தருவேனா? அவள் கழுத்தில் ஒரு விசிலை மாட்டி, மணல் வாளிக்குப் பொறுப்பாக்கினேன். "கல்லுக்கு வெளிய தீ நாக்கு நீண்டா விசில் ஊது. யோசிக்காத. உச்சியில எறியாத, தீயோட அடியப் பாத்து வீசு." அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் குறி தப்பாத அளவுக்குப் பழக்கிவிட்டேன். இது ஒன்றாவது எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்ததே என்று பெருமை வேறு.

பொங்கலன்று நல்ல வெயில், அதற்கு மேல் காற்று. எரியும் ஓலை கைமாறி வந்தது. மூத்தவள் வாங்கினாள், நாரில் வைத்தாள், ஊதினாள். பக்கத்து அடுப்புக்காரர்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது இவள் அடுப்பு நின்று எரிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வேறு பக்கம் பார்த்தாள். பானையில் பால் விளிம்புக்கு ஏறி நுரை கட்டியது. இன்னும் ஒரு கொதிதான்.

அப்போது பார்த்து ஒரு காற்று அடித்தது. அடுப்புக் கல்லுக்கு வெளியே ஒரு முழ நீளத்துக்குத் தீ நீண்டது.

விசில் ஊரே திரும்பிப் பார்க்கும்படி கேட்டது. யோசிக்காமல், அடியைப் பார்த்து, ஒரு வாளி மணலையும் வீசிவிட்டாள் என் சின்ன மகள். பானைக்குள் ஒரு பொட்டு மணல் விழவில்லை, குறி அவ்வளவு சுத்தம். அடுப்பு செத்தது. ஏறிய பால் இறங்கியது.

"அய்யய்யோ!" என்று வரிசையே எழுந்து நின்றது. தான் செய்தது என்ன என்று சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நேரே வேப்பமரத்தடிக்குப் போய், காலி வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து அழுகை மட்டும் வந்தது.

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். "போகுது போ. எந்திரித்தா, பேச்சுப் பேச்சுதான். அணைஞ்சிருச்சு."

"அணையல அத்தே."

"கண்ணு முன்னாடி மண்ணாக் கெடக்கு, அணையலைங்கிற?"

"உள்ள கங்கு இருக்கும் அத்தே. கொஞ்சம் இருங்க."

நான் பாய்ந்திருப்பேன். என் மனைவி தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "அங்கிட்டுப் போனீங்க, அவ்வளவுதான்!" உட்கார்ந்தேன். இத்தனை வருட வேலையில், ஒரு தீ சாகக் கூடாது என்று அன்றைக்குத்தான் சாமியைக் கும்பிட்டேன்.

மூத்தவள் குச்சியால் மணலை மெள்ள ஒதுக்கினாள். முதல் கட்டை கருப்பு. அடுத்ததும் கருப்பு. கடைசியாக அடியில் கிடந்த கருவேல வேரைப் புரட்டினாள். ஓரத்தில் மிளகளவுக்குச் சிவப்பு. அதன்மேல் நாரை வைத்து, தரையோடு கன்னத்தைச் சாய்த்து ஊதினாள். புகை, வெறும் புகை, கண்ணில் தாரை தாரையாக நீர். அவள் நிறுத்தவில்லை. நார் சிவந்தது, சுருண்டது, சட்டென்று பிடித்துக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் கோயில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

பால் மறுபடி ஏறி, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. முதல் குலவை யார் வாயிலிருந்து வந்தது என்கிறீர்கள்? என் அக்கா வாயிலிருந்துதான். குலவையை முடித்துவிட்டு, "போடுத்தா அரிசிய. மொதக் கை ஒன்னோடது" என்றாள்.

மூத்தவள் அரிசிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். பிறகு வேப்பமரத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏய், அந்த வாளியக் கழட்டிட்டு இங்கிட்டு வாடி. அரிசிய நீ போடு."

"ஏத்தா, பானை வச்சவதான் மொதக் கை போடணும்" என்றாள் அக்கா.

"தெரியும் அத்தே. ஆனா அவ இன்னும் அழுதுக்கிட்டிருக்காளே."

அக்காவே வேப்பமரத்தடிக்குப் போய், சின்னவளை வாளியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.