எனக்குச் சாட்சி சொல்ல ஒருவர்

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலில் மற்றவர்கள் தூங்குவார்கள், இல்லையென்றால் போன் பார்ப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போன நான், கழுத்துகளைப் பார்த்துக்கொண்டு போவேன். யார் ஐடி கார்டில் என்ன போட்டிருக்கிறது என்று படிப்பேன்.

காரணம் இருந்தது. கணினிப் பாதுகாப்பில் நான் குறிவைத்திருந்த பெரிய சான்றிதழ், தேர்வில் தேறியதும் கைக்கு வந்துவிடாது. சில வருடம் அந்தத் துறையில் வேலை பார்த்திருக்க வேண்டும். அதோடு, அதே சான்றிதழை ஏற்கெனவே வாங்கிய ஒருவர் 'இவன் சொன்னது உண்மை' என்று உறுதி சொல்ல வேண்டும். எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகையில் கரும்புக் கடனுக்கும் வரப்புத் தகராறுக்கும் சாட்சி கிடைக்கும். இதற்கு யாரைப் பிடிப்பது?

வீட்டில் எல்லோருக்கும் பாதையை விளக்கியிருந்தேன். நெட்வொர்க் தேர்வு முடிந்தது. அடுத்து செக்யூரிட்டி ஆரம்பத் தேர்வு. அதைக் காட்டி ஒரு கண்காணிப்பு வேலை. கம்பெனி கணினிகளுக்குள் யாராவது நுழையப் பார்த்தால் திரையில் எச்சரிக்கை வரும், அதில் எது நிஜம் என்று பிரிக்க வேண்டும். அங்கே வருடங்களைச் சேர்த்துக்கொண்டு பெரிய தேர்வு. அப்பா, எங்களுக்கு நைனா, வரிசை தப்பாமல் திருப்பிச் சொல்லும் அளவுக்கு இதையே சொல்லியிருந்தேன்.

ஆனாலும் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, அரக்கோணத்தில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் எனக்கு பில் போடும் வேலை பேசி வைத்திருந்தார். மறுநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலையில்தான் ரயிலில் அப்படி ஒருவரைப் பார்த்தேன்.

அரக்கோணத்தில் ஏறி எதிரே உட்கார்ந்தார். கார்டில் தகவல் பாதுகாப்புப் பிரிவு என்று இருந்தது. வண்டி கிளம்புவதற்குள் கேட்டுவிட்டேன். சான்றிதழ் வைத்திருந்தார். என் பாதை முழுவதையும் மூச்சு விடாமல் கொட்டினேன். திருவள்ளூர் வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தக் கண்காணிப்பு வேலைக்குன்னே எங்க ஆபீஸ்ல ஒரு டீம் இருந்துச்சு தம்பி. இப்ப அதை சாஃப்ட்வேரே பாத்துகினு இருக்குது. புதுசா யாரையும் எடுக்கறதில்ல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சாட்சி நான் சொல்றேன். ஆனா எந்த வேலைக்குச் சொல்றது?"

வேறு கம்பெனிகளில் எப்படி என்று கேட்டேன். தெரிந்த இடங்களிலெல்லாம் இதே கதைதான் என்றார்.

சாயங்காலம் பாவா வீட்டுக்கு வந்திருந்தார். நடந்ததைச் சொல்லி, அரக்கோணம் வேலைக்கே போகிறேன் என்றேன். நைனா சிரித்தார்.

"அவரு அப்டித்தான் சொல்லுவாரு. நீ போனா அவரு சீட்டுக்கு ஆபத்தாச்சே."

"ஆங், மாமா சொல்றதுதான் கரெக்ட்டு" என்றார் பாவா. "இன்னா மச்சான், ஒரு ஆளு சொன்னான்னு பயந்துக்கினு வந்துட்ட? இன்னும் ரெண்டே பரீட்சைன்னு நீதான சொல்லிகினு இருந்த?"

பரீட்சை இருக்கிறது, வேலைதான் இல்லை என்று மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். அதற்குள் அவர் கடைக்காரருக்குப் போன் போட்டு, பையன் பெரிய படிப்பு படிக்கிறான், வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். குரலில் அவ்வளவு பெருமை. அம்மா சந்தோஷத்தில் எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

மறுநாள் ஆரம்பத் தேர்வுக்குப் பதிவு செய்தேன். இப்போதெல்லாம் நைனாவோடு கழனிக்குக் கிளம்பினாலும் விடுவதில்லை. போய்ப் படி என்கிறார்.