முப்பதாம் திகதி வந்த வாழ்த்து

இன்று, ஆவணி 30, இணையத்தில் நாங்கள் நால்வர் ஆடும் 304 என்ற கடதாசிச் சீட்டு விளையாட்டுத் தொடங்கியதும், எங்கள் திருமணம் நடந்து இன்றுடன் நாற்பது ஆண்டுகள் நிறைவு என்று மற்ற மூவருக்கும் எழுதினேன்.

பொய். வேண்டுமென்றே எழுதிய பொய்.

கனடாவிலிருந்து என் துணையாக ஆடும் சிவநேசன், மூன்று மாதங்களாக ஒரு பிழையான தாள்கூடப் போடவில்லை. பள்ளிக் காலம் முதல் நான் அறிந்த சிவநேசன் அப்படி ஆடுபவன் அல்லன். வேறு எவரோ அவன் பெயரில் ஆடுவதாகச் சந்தேகித்தேன்.

1985இல் அழைப்பிதழில் ஆவணி 30 என்றே அச்சிட்டிருந்தோம். அன்று ஊரடங்கு என்று கேள்விப்பட்டு, திருமணத்தை 29ஆம் திகதிக்கு முற்படுத்தினோம். நல்லூரிலிருந்து அளவெட்டி வரை சைக்கிளில் வீடு வீடாகச் சென்று அறிவித்தவன், என் மாப்பிள்ளைத் தோழனான சிவநேசனே.

அவனிடமிருந்து வந்த பதில்: "வாழ்த்துக்கள்."

உடனே குரற்பதிவு அனுப்பினேன். "உண்மையைச் சொல்லும். நீர் ஆர்?"

சிறிது நேரத்தில் அவன் மனைவியின் குரல் வந்தது.

"அண்ணை, நான் கமலா. இவருக்கு இப்ப கண் தெரியுதில்லை. ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டவர். அதுதான் நான் விளையாடுறன். நீங்கள் எழுதினதை இப்பதான் வாசிச்சுக் காட்டினனான்..."

பின்னாலிருந்து ஒரு கத்தல்: "டேய், இருபத்தொன்பது! சைக்கிள் மிதிச்சவன் நான்! எனக்கே திகதி சொல்லுறியோ?"

அவனேதான்.

நாளை முதல் அவன் சொல்லச் சொல்லக் கமலா தாள் போடுவார் என்று தீர்மானித்திருக்கிறோம். இந்த மூன்று மாதங்களில் நாங்கள் ஒருமுறையும் தோற்கவில்லை. அவன் சொல்வதையெல்லாம் அப்படியே போடவேண்டாம் என்று கமலாவிடம் தனியாகச் சொன்னால், அது நட்புக்குத் துரோகமா? அறிந்தோர் கூறுக.