பாவின் மேல் ஏறிய கார்

காரை நிறுத்தி, சாவியைப் பக்கத்தில் இருந்த முதலாளியின் மடியில் எறிந்துவிட்டு ஆரணித் தெருவில் நடந்தேன். ஆல்ப்ஸில் பனிச்சறுக்குக் காலம் முடிந்ததும் மலைமலையாகக் காரில் சுற்றிவிட்டு ஊர் வந்திருந்தார்கள் அவரும் மனைவியும். அவர்கள் காருக்கு நான் வாடகை டிரைவர். தெரு நீளத்துக்கு, தறியில் ஏற்ற வேண்டிய நீள இழைகளான பட்டுப் பாவு கஞ்சி போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

“பனியிலயே நிக்காம ஓட்டுனவன் நான். நூலுக்கு நிக்கணுமா? ஏத்துப்பா!” என்று அவர் சொல்ல, மனைவி சிரித்தாள். அதற்குத்தான் இறங்கினேன்.

நான் நாலடி நடப்பதற்குள் அவரே காரைப் பாவின் மேல் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பி ஓடிவந்தேன். பாவுக்காரம்மா, கஞ்சி படிந்த குட்டை விரல்களால் அறுந்த இழைகளை எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

“சாவிய ஏன்யா அவன்கிட்ட குட்த்த?”

“நான் ஏத்தலயேம்மா!”

“ரோஷக்காரன் சாவிய எட்த்துகினு எறங்கியிருக்கணும். பேசிகினு நிக்காத, அந்த முனையப் புடி.”

எனக்கும் ஆத்திரம்தான். யார்மேல் என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. மறுநாள் காலை, அந்தப் பாவுக்காரம்மாவிடமே பாவு பிடிக்கும் வேலையில் சேர்ந்தேன்.