எந்தத் தண்ணி?

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்திய உதவியாளராக இருந்தவன் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லத்தான் ஆசை. ஆனால் உபயோகப்படப்போவது என் பிழைதான்.

கொழுந்து பறிக்கும் பாக்கியம், நாற்பது வயது, வயிறும் காலும் வீங்கி வந்தார். ஈரல்தான் என்று பார்த்தவுடனே முடிவு கட்டிவிட்டேன். பெண்பிள்ளையிடம் சாராயம் என்று நேரே கேட்கக் கூச்சம். நாசூக்காகக் கேட்டேன்.

“தண்ணி குடிக்கிறதுண்டா பாக்கியம்?”

“குடிப்பேங்க ஐயா. மலைக்கு ஒரு போத்தல் கொண்டு போவேன்.”

ஒரு போத்தலா என்று மலைத்துப்போய், குடிப்பழக்கம் உண்டு என்று கார்டில் எழுதி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கேயும் ஈரலுக்கே மருந்து கொடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து இன்னும் பெரிய வயிற்றோடு வந்தார்.

“சிங்கள டொக்டர் சொல்றத அட்டெண்டன்ட் தமிழ்ல சொல்றாருங்க, தண்ணிய விடு, தண்ணிய விடுன்னு. பச்சத்தண்ணி குடிக்காம எப்படிங்க ஐயா இருக்கிறது?”

வெட்கத்தில் என் முகம் சுட்டது. அவரை உட்காரவைத்து முதலிலிருந்து பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தும் கழுத்து நரம்பு காதுவரை புடைத்து நின்றது. மூச்சை இழுத்தால் இறங்க வேண்டியது, இன்னும் ஏறியது. இதயத்துக்குள் போக இடமில்லாமல் ரத்தம் தேங்குகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

“வீட்டுல யாருக்காச்சும் காசநோய் இருந்துச்சா?”

“அக்காவுக்குங்க. நான்தான் கூட இருந்து பாத்தேன்.”

‘இவர் குடிப்பதில்லை, முன்பு எழுதியது என் தவறு, இதயத்தைப் பார்க்கவும்’ என்று புதுக் கடிதம் கொடுத்தேன். கண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள். காசநோயால் இதயத்தின் உறை தடித்து, அதை விரியவிடாமல் இறுக்கியிருந்தது. மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்து, பிறகு ஒபரேஷன் செய்து உறையை உரித்தெடுத்தார்கள்.

வயிறு வற்றித் திரும்பியவரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“பெரியாஸ்பத்திரி வார்டுல என்னமோ கேள்விப்பட்டு, அன்னையில இருந்து எம் புருசன் என்கிட்ட மொகங்கொடுத்துப் பேசுறதில்லீங்க. ஏன்னு இப்பதான் வெளங்குது.”

அன்றே அவரோடு அவர்கள் குடியிருந்த லயத்துக்கு நடந்தேன். அவர் கணவர் ராமையா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். பாக்கியம் பக்கத்தில் நிற்க, நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார்.

“நான் ஒரு வார்த்த இவகிட்டயே கேட்டிருக்கலாங்க ஐயா.”

“நானுந்தான்” என்றேன்.