செப்புக் காசும் அப்பாவின் தறியும்

மின்தடை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். செப்புக் காசு மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது, அதாவது அதன் மின்தடை என்ன என்பதை வீட்டிலேயே அளந்து காட்டுகிறேன் என்று ஆசிரியரிடம் வாய்கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, "மூணு நாள் ஒரே அளவு வந்தா எடுத்துக்கினு வாம்மா, கண்காட்சியில மேசை தர்றேன்" என்றார். அந்தச் சிரிப்புக்காகவே மேசையை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு காசின் மின்தடை ஒன்றுமே இல்லாத அளவு. கல்லூரியில் இரவல் வாங்கிய, மின்னோட்டம் காட்டும் கால்வனாமீட்டரின் முள் அதற்கெல்லாம் அசையாது. அதனால் இருபது காசுகளை அடுக்கி, மேலும் கீழும் பித்தளைத் தகடு வைத்து இறுக்கி, பேட்டரிக் கட்டையோடு கம்பியால் இணைத்தேன். பூஜைத் தட்டில் செல்லாத பழைய செப்புக் காலணாக்கள் கிடந்தன. அம்மாவிடம் கெஞ்சி அவற்றை வாங்கியிருந்தேன். மாலையானால் அடுக்கைப் பிரித்துக் காசுகளை மேசைமேல் வைத்துவிடுவேன்.

முதல் நாள் ஓர் அளவு. மறுநாள் அதைப்போல் இரண்டு மடங்கு. மூன்றாம் நாள் பாதி! பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க அப்பாவின் தறிதான். நூலை அவர் அடித்துச் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் தரை அதிரும், என் முள் துள்ளும். திருடன் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

"எப்பப் பாத்தாலும் தடதடன்னு! நான் எப்படிப்பா அளக்கறது?" என்று கத்தினேன்.

அப்பா நெய்துகொண்டிருந்தது முகூர்த்தப் புடவை. வெள்ளிக்கிழமை கல்யாணம், வியாழனுக்குள் பட்டுக்கடை முதலாளியிடம் கொடுத்தாக வேண்டும். அது எனக்கும் தெரியும். "நீ அளந்துக்கம்மா, நான் சும்மா குந்திக்கினு இருக்கறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டார். ஒரு வாரம், நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு அரை மணி நேரம் தறி நின்றது. அளவு மட்டும் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் எழுந்தவள், அம்மா என் மேசையருகே காசுகளை முந்தானையால் துடைப்பதைப் பார்த்தேன்.

"என்னம்மா பண்றே?"

"சாமிக் காசு பொட்டில்லாம இருக்கலாமாடி? விளக்கு வெக்கறப்ப சந்தனம் குங்குமம் வெச்சிட்டு, காலைல எண்ணெய் தொட்டுப் பளபளன்னு துடைச்சி உன் மேசைல வெச்சிடறேன். நீ கத்துவியேன்னுதான் சொல்லல."

தலையில் அடித்துக்கொண்டேன். நான் இத்தனை நாளும் அளந்தது செம்பை அல்ல, சந்தனத்தையும் நல்லெண்ணெயையும்! காசுகளைப் புளிபோட்டுத் தேய்த்துக் கழுவி, இனி தொடக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அப்பா கவனிக்குமுன் கம்பியை இணைத்தேன். தறி அடித்துக்கொண்டுதான் இருந்தது. முள் துள்ளித் துள்ளி அதே இடத்துக்கு வந்து நின்றது. தறியின்மேல் குற்றமே இல்லை.

அதற்குள் அப்பா என்னைப் பார்த்துவிட்டுத் தறியை நிறுத்தினார். நெய்யுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஒரு வாரம் அவரிடம் கத்தியது வீண் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வீம்புக்குச் சொல்லவில்லை. புதனும் வியாழனும்கூட அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மூன்று நாளும் ஒரே அளவு கிடைத்தது.

வியாழன் மாலை முதலாளியே வந்துவிட்டார். புடவையில் இன்னும் ஒரு முழம் பாக்கி. "விடிஞ்சா கல்யாணம், அந்தப் பொண்ணு எதைக் கட்டும்?" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார்.

"தப்பு என்மேலதாங்க. நம்ம தறி அதிருது, பொண்ணு படிப்பு கெடுதுன்னு நிறுத்தி வெச்சிட்டேன்" என்றார் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு.

அளவெழுதிய நோட்டைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். முதலாளி கடையிலிருந்து வேறு புடவை கொடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா தறியில் போய் உட்கார்ந்தார். உடனே அடிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அளந்துட்டியாம்மா? நான் அடிக்கலாமா?"